பொட்டு இங்கே மட்டும்

செப்டம்பர் 12, வெள்ளி

ஹேமா, மணி பன்னிரண்டேகால். ஊரே தூங்குகிற நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். பகலில் மிதுனா விடமாட்டாள். ஒரு வயது எட்டு மாதம் ஆகிறது. பேனாவைக் கண்டால் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள்.

இன்னொரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. இந்த நோட்டு என் முறைக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. "குழந்தை பொறந்த பத்தாம் நாளே எழுதோணும், சாக்குச் சொல்லாதே" என்று கடைசியாக எழுதி அனுப்பியிருந்தாய். நான் பரண்மேல் போட்டுவிட்டேன். இன்று கம்ப்யூட்டரின் பழைய பில்லைத் தேடி ஏறியபோது கையில் தட்டுப்பட்டது. முதல் பக்கத்தில் உன் கோழிக் கிறுக்கல்: ஹாஸ்டல், பதினாலாம் நம்பர் ரூம், தாரணி, ஹேமலதா. ஒருத்தி எழுத, மற்றவள் படித்துப் பதில் எழுத வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. பொய் எழுதிவிட்டால் அதை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே உண்மையை எழுத வேண்டும். உன் எலக்ட்ரானிக்ஸ் லேபும் என் காஸ்ட்யூம் டிசைன் வகுப்பும் நேரம் ஒத்துவராமல், ஒரே அறையில் இருந்துகொண்டு முகம் பார்க்க முடியாமல் ஆரம்பித்த நோட்டு. இதை உனக்கு அனுப்புவேனா என்று இன்னும் தெரியவில்லை.

விஷயம் இதுதான். கர்ப்பத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த எம்ப்ராய்டரி யூனிட்டிலிருந்து குணசேகரண்ணன் கூப்பிட்டார். "வூட்லிருந்தே டிசைன் போடறியா தாரணி? மூணு டிசைன் அனுப்பு, அக்டோபர் மூணுக்குள்ள. சரியா வந்துதுன்னா தீவாளி ஆர்டர் உனக்கு. இல்லீன்னா இங்க இன்னொரு புள்ள காத்துட்டு இருக்குது."

ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை. நான் நன்றாகச் செய்த ஒரே வேலை. அந்தப் புள்ளையின் பெயரை நான் கேட்கவில்லை.

போனை வைத்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். சாஃப்ட்வேர் திறக்கவே ஒன்பது நிமிடம். இரண்டாவது பூ வரைவதற்குள் நின்றுவிட்டது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நானும் ஹேமாவும் சேர்ந்து மாட்டுன மிசினு. அவகிட்டயே கேக்கலாம்" என்றார். உன் மாமன் மகன், என் வீட்டுக்காரர். உன் பெயரைச் சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. மாவு பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

தரையில் பேப்பரை விரித்து, சிபியுவைப் படுக்க வைத்து, உனக்கு வீடியோ கால் போட்டார். நாற்பத்தேழு நிமிடம். நான் ஒரு கையில் டார்ச், ஒரு இடுப்பில் மிதுனா.

"மாமா, ஃபேனப் பாரு. பஞ்சு மில்லு நடத்தறியா உள்ள?"

"திருப்பூர்ல எல்லார் வூட்லயும் பஞ்சுதாம் புள்ள."

"நல்லா பேசு. ஒம்பது வருசமா ஒரு தடவகூடத் தொடைக்கல. அந்தப் பக்கம் திருப்பு. இல்ல, உன்ற வலது. மாமா, சோத்துக்கை தெரியுமா, அது!"

அவர் சிரித்தார். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து. எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நீ அவரை மாமா என்கிறாய். முறை இருக்கிறது, சொல்கிறாய். கட்டிக்கொண்ட நான் ஏனுங்க என்கிறேன்.

நீ சொன்னது: ரேம் நாலு ஜிபிதான் இருக்கிறது, அதுதான் மூச்சு முட்டுகிறது. மற்றதெல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், இரண்டாயிரத்துக்குள் ரேமை மட்டும் மாற்றினால் போதும். இந்த மாடல் ரேம் இப்போது புதிதாக வருவதில்லை. நீ பெங்களூரில் பழையது தேடி வாங்கி அனுப்புகிறாய்.

பக்கவாட்டுத் தகட்டைத் துடைக்க எடுத்துத் திருப்பினேன். உட்பக்கம் வெள்ளை மார்க்கரில் எழுதியிருந்தது: ஹேமா, பூபதி, மே 2016. அதற்குப் பக்கத்தில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு. கீழே இன்னும் ஏதோ ஒரு வரி, தூசியில் மூடியிருந்தது. நான் துடைக்கவில்லை. பேர் தெரிந்தது போதும் என்று வைத்துவிட்டேன். நாலு வருடமாக இந்தப் பெட்டியை வாரம் ஒருமுறை நான்தான் வெளியே துடைக்கிறேன். உள்ளே நீங்கள் இரண்டு பேரும் இருந்திருக்கிறீர்கள்.

நாற்பத்தேழு நிமிடத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவே இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

நாலு நாளைக்கு அப்புறம் தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிறைந்தது. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

ரோஜாக் கொடி ஒன்று வரைந்து முடித்தேன். மூன்று நாள் ஆனது. பத்துத் தையலுக்கு ஒருமுறை சேமிக்கிறேன், நின்றால் அத்தனையும் போய்விடுகிறது. இன்னும் இரண்டு டிசைன், பதினைந்து நாள். கணக்குப் பார்த்தால் முடிகிற மாதிரிதான் இருக்கிறது. மிதுனாவுக்குச் சளி என்பதைச் சேர்த்தால் முடியாது.

என் மாமியார் கருவேப்பிலை உருவிக்கொண்டே திரையைப் பார்த்தார். "ஏங்கண்ணு, இன்னும் அதே பூவா? ஹேமாவா இருந்தா ஒரு நிமிசத்துல தட்டிப்போட்டு எந்திரிச்சுப் போயிருப்பா."

"அவளுக்குப் பூ வரையத் தெரியாதுங்க அத்தை. ஹாஸ்டல்ல கோலப் போட்டிக்குச் செம்பருத்தியக்கூட நாந்தான் வரைஞ்சு குடுத்தேன்."

"நான் என்ன சொல்லீட்டேன் இப்ப? அவ என்ற நாத்தனா மக. வாய்ல வந்துருச்சு."

வாயில் வருவதுதான் உள்ளே இருப்பது.

இவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். விவரம் தெரிந்துகொள்ளத்தான், வேறு எதற்கும் இல்லை. நீ அனுப்பியவை எல்லாம் எண்கள். 1600, 8 ஜிபி, 1.5 வோல்ட். நாலு போட்டோ, எல்லாம் ரேமின் பச்சைப் பட்டை. ஒரு பெண்ணும் ஆணும் வோல்ட்டேஜைப் பற்றி இவ்வளவு பேச முடியுமா? வேறு ஒன்றும் இல்லை. போனை அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

சளி இறங்கி நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஆவி பிடிக்கவைத்தேன். டிசைனைத் தொடவில்லை.

நீ நாற்பது நிமிடம் பேசலாம். உன் அறைக்குக் கதவு இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. தூக்கம் வந்தால் தூங்குவாய். நான் பாத்ரூம் போனால்கூட வெளியே நின்று ஒருத்தி கதவைத் தட்டுகிறாள்.

செப்டம்பர் 27, சனி

பார்சல் வந்தது. "பூபதி, அனுப்பர்பாளையம்" என்று உன் கோழிக் கிறுக்கலில். என் பெயர் எங்கேயும் இல்லை. வேலை செய்யப்போவது நான், கம்ப்யூட்டர் எனக்கு, பார்சல் அவருக்கு.

உள்ளே வெள்ளிநிறக் கவரில் இரண்டு ரேம். விரல் நீளப் பச்சைப் பட்டை, ஓரத்தில் தங்கநிறப் பற்கள். அழகாகத்தான் இருக்கிறது.

"புதங்கெழமை ஆயுத பூஜை லீவு" என்றார். "காலைல எங்க பனியன் யூனிட்ல பூஜை முடிஞ்சு மத்தியானம் வந்தர்றேன். ஹேமாவுக்கு வீடியோ கால் போட்டு மாட்டிப்போடலாம்."

"இத மாட்டறதுக்கு எதுக்குங்க அவ?"

"தப்பா மாட்டுனா போர்டே போயிரும் தாரணி."

"போனா போகுது."

அவர் என்னைப் பார்த்தார். நான் பூண்டு உரித்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒரு டிசைன் முடிந்தது, இரண்டு பாக்கி, மூன்று நாள் பாக்கி. அதில் ஒரு நாள் பூஜை; சாயங்காலம் கும்பிட்டுவிட்டால் மறுநாள் காலைவரை எதையும் தொடக் கூடாது. பழைய ரேமோடு இது நடக்காது. நாளைக்கு மெஷின் சரியானால்தான் எனக்கு ஆர்டர்.

முடிவு செய்துவிட்டேன். அவர் வருவதற்குள் நானே மாட்டிவிடுவேன். நீ நாற்பத்தேழு நிமிடம் சொன்னது அத்தனையும் டார்ச் பிடித்துக்கொண்டு நானும்தான் கேட்டேன். எந்தக் கிளிப்பை அழுத்த வேண்டும், எந்தப் பக்கம் வெட்டு இருக்க வேண்டும், எல்லாம் தெரியும்.

அக்டோபர் 1, புதன்

இதை நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்பது மணிக்கு இவர் பைக்கைப் பூஜைக்கு விட்டுவிட்டு யூனிட்டுக்குப் போனார். மாமியார் மிதுனாவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். நான் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்தேன். தையல் மிஷின், மிக்ஸி, அரிவாள்மனை, இவருடைய பைக், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கடைசியில் கம்ப்யூட்டர். மூடியைக் கழற்றினேன். புது ரேம் கையில் இருந்தது. மூடிவிட்டால் உள்ளே இருப்பதற்கு யார் பொட்டு வைப்பார்கள் என்று தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. தகட்டில் உங்கள் பேருக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு இருக்கிறதே, அதைவிட உள்ளே, இதயத்திலேயே என் கைப் பொட்டு இருக்கட்டும். இரண்டு ரேமுக்கும் தாராளமாகச் சந்தனம், மேலே குங்குமம். பழையதைக் கழற்றிவிட்டு இவற்றை அழுத்தினேன். டக் என்று கிளிப் பூட்டிக்கொண்டது. நான் அடைந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது.

சுவிட்சைப் போட்டேன். பீப், பீப், பீப். திரை கறுப்பு. மறுபடியும் போட்டேன். அதே மூன்று கத்தல். புதியதை எடுத்துவிட்டுப் பழைய ரேமைப் போட்டேன். அதற்கும் கத்தியது.

தப்பாக மாட்டினால் போர்டே போய்விடும் என்றார். போனால் போகிறது என்றேன். அந்த இன்னொரு புள்ளையின் மேஜையில் என் ஆர்டர் கிடப்பது கண்ணில் தெரிந்தது. மணி பத்தே முக்கால். என் போனில் உன் நம்பரைத் தேடினேன். அழைப்புப் பட்டியலில் சிவப்பாகப் பதினொன்று, எல்லாம் நீ கூப்பிட்டு நான் எடுக்காதவை.

முதல் மணியிலேயே எடுத்தாய்.

"தாரு? என்னாச்சு? பாப்பாவுக்கு ஏதாச்சுமா?"

"இல்ல. சிபியு கத்துது."

"எத்தன தடவ?"

"மூணு."

"ரேம் சரியா உக்காரல. மாமா எங்க?"

"நாந்தான் மாட்டுனேன்."

"சரி. மொதல்ல பிளக்கப் புடுங்கு. ரேம வெளிய எடு. எடுத்தாச்சா? பல்லு மேல என்ன இருக்குது?"

சந்தனம் பன்னீரோடு வழிந்து தங்கப் பற்களுக்கு இடையில் இறங்கியிருந்தது. பழைய ரேமிலும் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினேன்.

"தாரு. பொட்டு வெச்சியா?"

"ஆயுத பூஜைடி."

நீ சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்தது, அதையும் நீ கேட்டாய் என்று நினைக்கிறேன்.

"ஏய், அழுகாத. ஒண்ணும் ஆகல. உன்ற வூட்டுக்காரரு இதயேதான் பண்ணுனாரு, மாட்டுன அன்னைக்கே. மதர்போர்டு மேல மூணு கோடு விபூதி! அதுக்குத்தான தகட்டுல எழுதி வெச்சேன், படிக்கலியா?"

தகட்டை எடுத்து, முந்தானையால் அந்தத் தூசியைத் துடைத்தேன். ஹேமா, பூபதி, மே 2016. அதன் கீழே: பொட்டு இங்கே மட்டும். உள்ளே வைத்தால் உதை.

"பேர மட்டும் படிச்சேன்" என்றேன்.

"அது சரி" என்றாய்.

அப்புறம் நீ சொல்லச் சொல்லச் செய்தேன். "டிராயிங் ரப்பர் வெச்சிருப்பியே, அத எடு." காலேஜ் பென்சில் பெட்டியில் காய்ந்து கல்லாகக் கிடந்தது. அரிவாள்மனையில் ஓரத்தைச் சீவியதும் உள்ளே வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. பற்களை ஒவ்வொரு பக்கமாகத் தேய்த்தேன். ரேம் உட்காரும் பள்ளத்துக்கு என் சிறிய பெயிண்டிங் பிரஷ், மிதுனாவின் தொப்புளுக்கு வாங்கி மீந்த ஸ்பிரிட்டில் தோய்த்து. "முடியப் புடிச்சு வார்ற மாதிரி வாரு, குத்தாத." ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் காய வேண்டும் என்றாய்.

அந்த ஒரு மணி நேரம் போனை வைக்கவில்லை நீ.

"ஏன்டி எடுக்கவே இல்ல? மாமாகிட்டக் கேட்டா தூங்கறா, குளிக்கறா, பாப்பாவப் பாக்கறா. எத்தன தூக்கம் தூங்குவ?"

"நீ அவருகூடத்தான நல்லா பேசற. நாப்பத்தேழு நிமிசம்."

"எண்ணுனியா?"

"எண்ணுனேன்."

"ரேம் வேணும்னு சொல்ல அஞ்சு நிமிசம் போதும். டார்ச்சு புடிச்ச கை தெரிஞ்சுது. மணிக்கட்டுல அயர்ன்பாக்ஸ் சுட்ட தழும்பு. அந்தத் தழும்புக்கு மஞ்சத் தடவுனது நானு, எனக்குத் தெரியாதா? எப்படியும் வாயத் தொறப்பான்னுதான் அந்தப் பக்கம் திருப்பு, இந்தப் பக்கம் திருப்புன்னு இழுத்துட்டே இருந்தேன். பார்சல உன்ற பேருக்குப் போட்டா வாங்காமத் திருப்பி அனுப்பிருவியோன்னு பயம் வேற."

நான் சந்தனக் கிண்ணத்தைக் கழுவப் போனேன், போனோடு.

திரும்பி வந்ததும் கேட்டேவிட்டேன். "நீ அவரக் கட்டிக்கோணும்னு நெனச்சியா, ஹேமா?"

"நெனச்சேன். பதினாறு வயசுல, ஒரு வாரம். அப்பறம் சாம்பார் சோத்துல தயிர ஊத்திப் பெசஞ்சு சாப்புட்டதப் பாத்தேன். முடிஞ்சுது."

"இன்னும் அப்படித்தான் சாப்புடறாரு."

"அனுபவி."

பன்னிரண்டு மணிக்கு மாட்டினேன். சுவிட்ச். ஒரே ஒரு பீப். திரை வெளிச்சமானது. சாஃப்ட்வேர் ஒன்றரை நிமிடத்தில் திறந்தது. பூ, இலை, இன்னொரு பூ, நிற்கவே இல்லை.

இவர் பொரிப் பொட்டலத்தோடு வந்தார். "ஆரு மாட்டுனது?"

"நானு."

"அடேங்கப்பா! இரு, ஹேமாகிட்டச் சொல்லோணும்." போனை எடுத்தார்.

"நான் சொல்லியாச்சுங்க. இவ்வளவு நேரம் அவகூடத்தான் பேசிட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒன்றர மணி நேரம்."

"ஓ" என்றார். பொரியை வாயில் போட்டுக்கொண்டு, "என்ன பேசுனீங்க அத்தன நேரம்?" என்று கேட்டார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டார். எனக்குச் சொல்ல மனமில்லை. இருக்கட்டும், அவரும் கொஞ்சம் எண்ணட்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

மாலை ஐந்தே காலுக்கு மூன்று டிசைனும் அனுப்பினேன். ரோஜாக் கொடி, மாங்காய் பார்டர், மயில். ஏழரைக்கு குணசேகரண்ணன் கூப்பிட்டார். "மயிலு கழுத்துல தையல் நெருக்கமா இருக்குது, துணி சுருங்கும். தளத்தி அனுப்பு. மத்த ரெண்டும் ஓகே. திங்கக்கெழம வந்து தீவாளி ஆர்டர வாங்கிக்க." மயிலைத் தளர்த்தி அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

மதியம். மிதுனா தூங்குகிறாள். சாயங்காலம் கூரியர்காரர் வருவார்.

நேற்றே முழுவதும் படித்துப் பார்த்தேன். கிழிக்கத் தோன்றியது. விதி நினைவுக்கு வந்தது. அதனால் செப்டம்பர் 14-க்குப் போய், நீ என்னைக் கேட்கவே இல்லை என்ற வரியை அடித்திருக்கிறேன். கேட்டாய். மூன்று தடவை கேட்டாய். நான்தான், 'இல்லை என்று சொல்லுங்கள்' என்று இவருக்குத் தலையை ஆட்டினேன். 18-ஆம் தேதி, உன் மெசேஜில் எண்களைத் தவிர ஒன்றுமில்லை என்றதையும் அடித்திருக்கிறேன். எண்களுக்கு நடுவில் ஒன்று இருந்தது. "தாரு நாலஞ்சு டிசைனத் தொறந்து வெச்சுட்டு வேல பாக்கறவ மாமா, அவளுக்குத் தோதா எட்டு ஜிபி ரெண்டா வாங்கறேன்." அதைப் படித்துவிட்டுத்தான் போனைக் கீழே வைத்தேன். எழுதினால் உன்மேல் கோபப்பட முடியாமல் போய்விடும் என்று எழுதவில்லை.

பொறாமையை மட்டும் எங்கேயும் அடிக்கவில்லை. அது பொய் இல்லை. உன் தாழ்ப்பாள்மேல் இருக்கிறது. உன் தூக்கத்தின்மேல் இருக்கிறது. நீ மாமா என்று கூப்பிட்டதும் அவர் திரும்புகிற வேகத்தின்மேல் இன்னும் இருக்கிறது, அதை ரப்பரால் தேய்க்க முடியவில்லை. ஆனால் அந்த நாற்பத்தேழு நிமிடத்தில் நான் யாரை யாரிடமிருந்து பிடுங்க நினைத்தேன் என்று இப்போது யோசித்தால், உன்னிடமிருந்து அவரை இல்லை. அவரிடமிருந்து உன்னை.

தகட்டில் மார்க்கரால் என் பெயரையும் சேர்த்துவிட்டேன், உன் வரிக்குக் கீழே. எழுத்து உன்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது.

இந்த நோட்டில் இன்னும் பதினாறு பக்கம் இருக்கிறது. இப்போது உன் முறை. கிடைத்ததும் சீக்கிரம் பதில் எழுது.

தாரணி